எம்.எல்.ஏ. நாற்காலி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டித் தொகுதியில் ஓட்டு வைத்திருக்கும் ஆள், அவ்வளவுதான். ஆனால் தேர்தல் சட்டம் பற்றிக் கொஞ்சம் படிப்பேன் என்று ஊரில் தெரிந்துபோனதால் டீக்கடையில் உட்கார்ந்தாலே யாராவது ஒரு சந்தேகம் கேட்பார்கள். அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

தருமபுரி மாவட்டத்தில் ஐந்து தொகுதிகள்: பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். கிருஷ்ணகிரியில் ஆறு: ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி. தமிழ்நாட்டின் 234-இல் இது வெறும் 11. ஆனால் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு என்னவெல்லாம் நடக்கலாமோ அதில் முக்கால்வாசி இந்தப் பதினொன்றிலேயே நடந்து முடிந்திருக்கிறது. அதனால் உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை.

எம்.எல்.ஏ.வாக நிற்க அந்தத் தொகுதிக்காரராக இருக்க வேண்டுமா?

வேண்டாம். 25 வயது ஆகியிருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 1991-இல் ஜெயலலிதா பர்கூரில் நின்று ஜெயித்தார், அவருக்கும் பர்கூருக்கும் சொந்த ஊர் உறவு எதுவும் கிடையாது. 2016-இல் பா.ம.க.வின் அன்புமணி முதலமைச்சர் வேட்பாளராகப் பென்னாகரத்தில் நின்றார், தி.மு.க.வின் இன்பசேகரனிடம் தோற்றார். மண்ணின் மைந்தன் என்பது மேடைப் பேச்சு, சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. அரூரும் ஊத்தங்கரையும் தனித் தொகுதிகள், அங்கே பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்க முடியும்.

டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000. பதிவான செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும்.

கிளைச் செயலாளராக ஆரம்பித்துத்தான் வர வேண்டுமா?

சட்டப்படி இல்லை, நடைமுறையில் பெரும்பாலும் ஆமாம். கிளை, ஒன்றியம், மாவட்டம் என்று ஏணி. இதில் மாவட்டச் செயலாளர் என்ற படி இருக்கிறதே, அதுதான் உண்மையான அதிகாரம். யாருக்கு சீட் கேட்டுத் தலைமையிடம் பேசுவது, யாரை உள்ளாட்சியில் நிறுத்துவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். எம்.எல்.ஏ. ஒரு பக்கம், மாவட்டச் செயலாளர் ஒரு பக்கம் என்று இருவரும் வேறு வேறு ஆட்களாக இருந்துவிட்டால் அந்த ஐந்து வருடமும் பேனரில் யார் படம் பெரிது என்பதிலேயே கழிந்துவிடும்.

நகராட்சியிலிருந்து மேலே போனவரும் நம் பக்கம் உண்டு. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி 1917-இல் சேலம் நகராட்சித் தலைவர், 1937-இல் சென்னை மாகாணப் பிரதமர், 1948-இல் கவர்னர் ஜெனரல். அதற்கெல்லாம் பிறகு 1952-இல் மறுபடி சென்னை மாநில முதலமைச்சராக வந்தார், அதுவும் தேர்தலில் நிற்காமல் மேலவை நியமன உறுப்பினராக. 1959-இல் எண்பது வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். ஓய்வு என்ற வார்த்தையே அவர் அகராதியில் இல்லை போலிருக்கிறது.

ஏ பாரம், பி பாரம் என்கிறார்களே, அது என்ன?

வேட்பாளர் பட்டியலில் பேர் வந்துவிட்டது என்று வெடி வெடிப்பார்கள், ஆனால் அந்தப் பட்டியலுக்குத் தேர்தல் அலுவலரிடம் மதிப்பு கிடையாது. அவருக்கு வேண்டியது இரண்டு காகிதம். கட்சியின் சார்பில் கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம் என்று சொல்வது ஏ பாரம். இந்தத் தொகுதிக்கு இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று அந்த ஆள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது பி பாரம். மனுத்தாக்கல் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் பேனாவால் போட்ட அசல் கையெழுத்தோடு வந்து சேர வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. வராவிட்டால் கட்சிச் சின்னம் இல்லை.

ஒரு கட்சியில் 'யார் தலைவர்' என்று சண்டை வந்தால் கடைசியில் கேட்கப்படுவது 'பாரத்தில் யார் கையெழுத்து' என்பதுதான். 2017 மார்ச்சில் இரட்டை இலை முடக்கப்பட்டு, அதே வருடம் நவம்பரில் பழனிசாமி-பன்னீர்செல்வம் அணிக்குக் கிடைத்ததே, அந்தப் போராட்டத்தின் சாரமும் இதுதான்.

சுயேச்சையாக நின்று ஜெயிக்க முடியுமா?

முடியும், ஆனால் கஷ்டம். தளியில் 2006-இல் டி.ராமச்சந்திரன் சுயேச்சையாக ஜெயித்தார். பிறகு 2011-இலும் 2021-இலும் அதே தளியில் இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளராகக் கதிர் அரிவாளில் ஜெயித்தார். அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். இன்னொன்று, சுயேச்சையாக ஜெயித்தவர் அந்தப் பதவிக்காலத்துக்குள் ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும். ஆதரவு கொடுக்கலாம், உறுப்பினராகச் சேரக் கூடாது. அடுத்த தேர்தலில் கட்சிச் சின்னத்தில் நிற்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

கட்சித் தலைவர் வேறு, சட்டமன்றக் கட்சித் தலைவர் வேறா?

வேறுதான், இதைத்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். கட்சித் தலைவர் சட்டமன்றப் படியையே மிதிக்காதவராகக்கூட இருக்கலாம். சட்டமன்றக் கட்சித் தலைவர் என்பவர் உள்ளே அந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களுக்கு முன்வரிசை ஆள். யார் எவ்வளவு நேரம் பேசுவது என்று பேரவைத் தலைவரிடம் பேசுவது, வெளிநடப்பு செய்யலாமா என்று முடிவெடுப்பது போன்ற வேலை அவருடையது.

இதற்கு நம் ஊர் உதாரணம் ஜி.கே.மணி. பா.ம.க.வை 1989-இல் நிறுவிய ராமதாஸ் தேர்தலில் நின்றதே இல்லை, அவர் நிறுவனர். தலைவர் நாற்காலியில் சுமார் 25 ஆண்டு உட்கார்ந்திருந்தவர் மணி. 2022 மே மாதம் அன்புமணி தலைவரானதும் இவர் கௌரவத் தலைவர் ஆனார். நடுவில் சட்டமன்றத்துக்கு 1996, 2001 இரண்டு முறை பென்னாகரத்திலிருந்து போனார், 2006-இல் மேட்டூரிலிருந்து போனார், 2021-இல் திரும்பவும் பென்னாகரம். 2021-இல் பா.ம.க. ஜெயித்தது ஐந்து இடம், சட்டமன்றக் குழுத் தலைவர் மணி. ஆக ஒரே ஆள் கட்சித் தலைவர், எம்.எல்.ஏ., சட்டமன்றக் குழுத் தலைவர் என்று மூன்று தொப்பியும் போட்டிருந்தார். மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்தவை: ஒன்று கட்சி கொடுத்தது, ஒன்று பென்னாகரம் ஓட்டுக்காரர்கள் கொடுத்தது, மற்றது சக எம்.எல்.ஏ.க்கள் கொடுத்தது.

தலைவராக இருந்தாலும் தொகுதி நிச்சயமில்லை என்பதற்கும் அவரே சாட்சி. 2001-இல் அ.தி.மு.க. கூட்டணி, பென்னாகரம் பா.ம.க.வுக்கு. 2006-இல் தி.மு.க. கூட்டணி, பென்னாகரம் தி.மு.க.வுக்குப் போய்விட்டது, மணி மேட்டூருக்குப் போனார். கூட்டணிப் பேச்சுவார்த்தையில் ஒரு தொகுதி கை மாறினால் அங்கே பத்து வருடம் வேலை பார்த்தவரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

தொகுதியே காணாமல் போகுமா?

போகும். 2008 தொகுதி மறுவரையறையில் காவேரிப்பட்டணம், மொரப்பூர் என்ற தொகுதிகள் இல்லாமல் போய்விட்டன, பாப்பிரெட்டிப்பட்டி, வேப்பனஹள்ளி எல்லாம் வந்தன. கே.பி.முனுசாமி காவேரிப்பட்டணத்தில் ஜெயித்தவர், அது போனதும் 2011-இல் கிருஷ்ணகிரி, 2021-இல் வேப்பனஹள்ளி. மூன்று தொகுதி, எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். 2021-இல் அவர் மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது, அதனால் டெல்லிப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு வேப்பனஹள்ளியை வைத்துக்கொண்டார்.

வாரிசு அரசியல் பற்றி?

அபிப்பிராயம் சொல்லவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன். பென்னாகரம் தி.மு.க. எம்.எல்.ஏ. பெரியண்ணன் இறந்ததால் 2010 மார்ச்சில் இடைத்தேர்தல். தி.மு.க. நிறுத்தியது அவர் மகன் இன்பசேகரனை, பா.ம.க. நிறுத்தியது ஜி.கே.மணியின் மகன் தமிழ்க்குமரனை. இன்பசேகரன் ஜெயித்தார், பா.ம.க. இரண்டாவது, அ.தி.மு.க. மூன்றாவது. அந்த ஒரு மாதம் பென்னாகரம் ரோட்டில் அமைச்சர்கள் காராக ஓடியது.

பிடிக்கவில்லை என்றால் நடுவிலேயே எம்.எல்.ஏ.வைத் திருப்பி அழைக்க முடியுமா?

முடியாது. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பதிலைக் கேட்டதும் கோபப்படுவார்கள். ஆனால் இதில் வேடிக்கை என்னவென்றால், பதவியைக் கொடுப்பது ஓட்டுக்காரர்கள், ஐந்து வருடத்துக்குள் அதைப் பறிக்கும் அதிகாரம் ஓட்டுக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்கு இருக்கிறது. பேரவைத் தலைவர் பறிக்கலாம், நீதிமன்றத் தண்டனை பறிக்கலாம். கட்சி நேரடியாகப் பறிக்க முடியாது, ஆனால் புகார் கொடுத்துப் பறிக்க வைக்கலாம். நமக்கு உள்ளது அடுத்த தேர்தல் மட்டும்.

அந்த ஒன்று லேசானதும் இல்லை. 1996-இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவையே பர்கூர்க்காரர்கள் 8,366 ஓட்டில் தோற்கடித்தார்கள், ஜெயித்தவர் தி.மு.க.வின் இ.ஜி.சுகவனம். 2021-இல் கிருஷ்ணகிரியில் அ.தி.மு.க.வின் அசோக்குமார் ஜெயித்தது 794 ஓட்டில். ஒரு பெரிய ஊரின் நாலு தெரு ஓட்டு.

18 எம்.எல்.ஏ.க்கள் பதவி போனதே, நம் மாவட்டத்தில் யார்?

பாப்பிரெட்டிப்பட்டி பி.பழனியப்பன், அரூர் ஆர்.முருகன். இரண்டு பேரும் அ.தி.மு.க.வில் டி.டி.வி.தினகரன் அணிப் பக்கம் இருந்தார்கள். 2017 ஆகஸ்டில் முதலமைச்சர் பழனிசாமி மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள், செப்டம்பர் 18-ஆம் தேதி பேரவைத் தலைவர் தனபால் 18 பேரையும் தகுதி நீக்கம் செய்தார். கவனியுங்கள், அவர்கள் சட்டமன்றத்தில் கொறடா (எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் அவையில் உத்தரவு போடுபவர்) சொன்னதை மீறி ஓட்டுப் போடவில்லை. அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணையில், அதாவது 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில், இரண்டு வழி இருக்கிறது. கொறடா சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போடுவது ஒன்று. 'தானாகவே கட்சி உறுப்பினர் பதவியை விட்டுவிடுவது' இன்னொன்று. ராஜினாமாக் கடிதம் எழுதினால்தான் விட்டதாக அர்த்தம் என்றில்லை, நடத்தையை வைத்தே முடிவு செய்யலாம் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இந்த 18 பேர் மாட்டியது இரண்டாவதில்.

வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள், மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25-ஆம் தேதி தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18, ஓட்டு எண்ணியது மே 23. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இரண்டையும் அ.தி.மு.க.வே பிடித்தது. கணக்குப் போட்டால் 20 மாதம் இந்த இரண்டு தொகுதிக்கும் எம்.எல்.ஏ. கிடையாது. நாங்கள் யாரையும் நீக்கச் சொல்லவில்லை, எங்களை யாரும் கேட்கவுமில்லை.

அப்படியென்றால் ஊத்தங்கரை எம்.எல்.ஏ. எப்படித் தப்பினார்?

இது அரூர்க்காரர்கள் மட்டும் கேட்கும் கேள்வி, பக்கத்துத் தொகுதி என்பதால். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் பழனிசாமிக்கு ஆதரவு 122, எதிர்ப்பு 11. அந்த 11 பேர் பன்னீர்செல்வம் அணி, அதில் ஊத்தங்கரை எம்.எல்.ஏ. மனோரஞ்சிதமும் ஒருவர். அவர்கள் அவைக்குள்ளேயே அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்கள், ஆனால் பதவி போகவில்லை. அணிகள் பிறகு ஒன்று சேர்ந்துவிட்டன, அவர்கள் மேல் வந்த புகாரில் பேரவைத் தலைவர் முடிவெடுக்காமலே காலம் ஓடியது. சட்டத்தில் இத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று கெடு எதுவும் எழுதப்படவில்லை. 2020-இல் மணிப்பூர் வழக்கு ஒன்றில்தான் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் என்று ஒரு அளவு சொன்னது.

ஓட்டுப் போட்டவர் இருக்கிறார், கடிதம் கொடுத்தவர் போய்விட்டார். நான் இதற்கு விளக்கம் கொடுத்துப் பார்த்து யாரையும் சமாதானப்படுத்தியதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

கேஸ் இருந்தால் நிற்க முடியாதா?

கேஸ் இருந்தால் நிற்கலாம், தண்டனை ஆனால்தான் சிக்கல். இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விழுந்தால் பதவி போகும், விடுதலையாகி ஆறு வருடம் நிற்கவும் முடியாது. சில வகைக் குற்றங்களுக்கு இந்த இரண்டு வருடக் கணக்கும் வேண்டாம், தண்டனையே போதும். முன்பு, மேல்முறையீடு செய்தால் பதவி நீடிக்கும் என்று ஒரு சலுகை இருந்தது, 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஓசூர் பாலகிருஷ்ண ரெட்டி கதை எல்லோருக்கும் தெரியும். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தார். 1998-இல் பாகலூரில் நடந்த ஒரு போராட்டத்தில் கல்வீச்சு, அரசுச் சொத்துச் சேதம் என்று பதிவான வழக்கில் 2019 ஜனவரியில் மூன்று வருடத் தண்டனை. அன்றைக்கே அமைச்சர் பதவி போனது, எம்.எல்.ஏ. பதவியும் போனது. சம்பவம் நடந்து 20 வருடம் கழித்து! ஏப்ரலில் இடைத்தேர்தல், தி.மு.க.வின் சத்யா ஜெயித்தார். பாலகிருஷ்ண ரெட்டியே முன்பு மனுக் கொடுக்கும்போது இந்த வழக்கு இருக்கிறது என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். நாம் யாரும் அதைப் படிப்பதில்லை. தேர்தல் ஆணைய இணையதளத்தில் எல்லா வேட்பாளருடையதும் கிடைக்கும், சொத்து, கடன், வழக்கு எல்லாம் இருக்கும்.

எத்தனை தொகுதியில் வேண்டுமானாலும் நிற்கலாமா?

இரண்டுக்கு மேல் கூடாது. 2001-இல் ஜெயலலிதா நான்கு இடத்தில் மனுக் கொடுத்தார்: ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை. டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் விழுந்த தண்டனையைக் காட்டியும், இரண்டுக்கு மேல் என்று சொல்லியும் நான்கும் தள்ளுபடி. ஆனாலும் கட்சி ஜெயித்தது, மே 14-இல் முதலமைச்சரானார். எம்.எல்.ஏ. இல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற விதியை வைத்து. நிற்கவே தகுதி இல்லாதவருக்கு அந்த ஆறு மாதச் சலுகை பொருந்தாது என்று செப்டம்பர் 21-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பதவி போனது.

சம்பளம் எவ்வளவு? தேர்தல் செலவுக்கு வரம்பு உண்டா?

2017-இல் மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக்கினார்கள், படிகள் எல்லாம் சேர்த்து. தேர்தல் செலவு வரம்பு 2022-இலிருந்து 40 லட்சம். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருடம் தடை வரலாம். கணக்கு எவ்வளவு உண்மை என்று என்னிடம் கேட்காதீர்கள், நீங்களும் இந்த மாவட்டத்தில்தானே இருக்கிறீர்கள்.

எம்.எல்.ஏ.விடம் என்ன கேட்கலாம்?

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அது அவர் கையில் ரொக்கமாக வருவதில்லை. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், கலெக்டர் அனுமதி கொடுப்பார், டெண்டர் விட்டு வேலை நடக்கும். பஸ் நிழற்குடை, ரேஷன் கடைக் கட்டடம், அங்கன்வாடி, பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை, உயர்கோபுர விளக்கு, சின்னப் பாலம், இந்த அளவுக்குத்தான் அது போகும். பெரியது எதுவும் அரசு மனசு வைத்தால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே பாருங்கள், புளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல் மஞ்சளாகித் தலைமுறைகள் போன மாவட்டம் இது, 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடன் வாங்கி, 1,928.80 கோடி செலவில் 2013 மே மாதம்தான் திறந்தார்கள். அடிக்கல் கருணாநிதி, திறப்பு ஜெயலலிதா. எந்த எம்.எல்.ஏ. நிதியிலும் அது நடக்காது. ஆனால் சட்டமன்றத்தில் எழுந்து எழுந்து கேட்பது எம்.எல்.ஏ. வேலைதான், அதைத்தான் நாம் கேட்க வேண்டும். மொரப்பூர்-தருமபுரி ரயில் பாதை எப்போது என்று எம்.எல்.ஏ. காரை மறித்துக் கேட்கிறார்கள், அது எம்.பி.யிடம் கேட்க வேண்டியது.

அப்புறம் கல்யாணம், காதுகுத்து, துக்கம். இதற்கு வராத எம்.எல்.ஏ.வை ஊர் மன்னிக்காது, சட்டமன்றத்தில் ஒரு வார்த்தை பேசாதவரை மன்னித்துவிடும். பாலக்கோட்டில் கே.பி.அன்பழகன் 2001-இலிருந்து 2021 வரை தொடர்ந்து ஐந்து தேர்தல் ஜெயித்தார். எப்படி என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் அமைச்சராக என்ன செய்தார் என்பதைவிட யார் வீட்டு எழவுக்கு வந்தார் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள்.

தொகுதியில் எம்.எல்.ஏ.வே இல்லாதபோது மனுவை யாரிடம் கொடுப்பது?

அந்த 20 மாதத்தில் நாங்கள் செய்தது இதுதான்: திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாள். காலையிலேயே போய் டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள், மனுவில் கதவு எண், சர்வே எண் தெளிவாக இருக்கட்டும், ரசீது வாங்காமல் வராதீர்கள். எங்கள் தெருச் சாக்கடை மனுவுக்கு மூன்று ரசீது இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.